அப்பா எப்போது வேலையை விடலாம்?

தேக்கா நிலையத்து உணவங்காடியில் அறுபதைத் தொட்ட நம்மவர் நால்வர் ஒரு மேசையில் கூடினால், தே தாரிக் ஆறுவதற்குள் ஒரு கேள்வி வந்துவிடும். "சிபிஎஃப் எவ்வளவு வந்துச்சு?" பதிலாக ஒரு தொகை சொல்லப்படும். அதைக் கேட்டு ஒருவர் புருவம் உயர்த்துவார், இன்னொருவர் தன் தொகையைச் சொல்லாமல் பேச்சை மாற்றுவார். "மாதம் எவ்வளவு வருகிறது?" என்று எவரும் கேட்டு நான் அறிந்ததில்லை. வேலையை விடுவது பற்றி நம் குடும்பங்களில் நிலவும் குழப்பத்துக்கு இதுவே வேர் என்று நான் நினைக்கிறேன். ஓய்வுப் பணத்தை நாம் ஒரு மொத்தத் தொகையாகவே பார்க்கிறோம். ஆனால் மின்கட்டணமும் மருந்துச் செலவும் அரிசியும் மாதம் தவறாமல் வருபவை.

இருபது வயதினர் படிக்கும் ஆண்டிதழில் ஓய்வைப் பற்றி எதற்கு என்று கேட்பீர்கள். வேலை தேடுவது எப்படி, நேர்காணலுக்குச் செல்வது எப்படி என்று இங்கே மூத்தோர் எழுதுவதுதான் வழக்கம். உங்கள் அப்பா எந்த வயதில் வேலையை விட முடியும் என்பதை உங்கள் செலவுகளும் உங்கள் முதல் சம்பளமும் ஓரளவு தீர்மானிக்கின்றன. அதனால்தான் இதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் கொஞ்சம் வரலாறு. மத்திய சேமநிதி தொடங்கியது 1955 ஜூலை 1ஆம் தேதி, ஆங்கிலேயர் ஆட்சியின்போது. தொழிலாளி 5 விழுக்காடு, முதலாளி 5 விழுக்காடு. 55 வயதானால் முழுத் தொகையையும் எடுத்துக்கொள்ளலாம். ஊரிலிருந்து வந்து உழைத்த நம் தாத்தாக்களுக்கு இது மிகவும் பொருந்திய ஏற்பாடு. ஐம்பத்தைந்தில் பணத்தை வாங்கு, கப்பலேறு, ஊரில் நிலம் வாங்கு. 1971இல் பிரிட்டிஷ் படைகள் வெளியேறி, செம்பவாங் கடற்படைத் தளம் கைமாறிய காலத்தில் வேலையிழந்த இந்தியத் தொழிலாளர் பலர், கையில் கிடைத்த தொகையோடு ஊர் திரும்பினார்கள். ஊரில் அந்தப் பணத்துக்கு மதிப்பு அதிகம், செலவு குறைவு, கூட்டுக் குடும்பம் இருந்தது. மொத்தத் தொகை அவர்களுக்குப் போதுமானதாக இருந்ததற்கு அவையே காரணங்கள்.

இங்கேயே தங்கிவிட்டவர்களுக்கு அந்தக் காரணங்கள் எதுவும் இல்லை. மனப்பழக்கம் மட்டும் மாறவில்லை. 1984இல் அப்போதைய சுகாதார அமைச்சர் ஹவ் யூன் சோங் தலைமையிலான குழு, பணம் எடுக்கும் வயதை 55இலிருந்து 60க்கு உயர்த்தலாம் என்று பரிந்துரைத்தபோது நாடே கொதித்தது. அவ்வாண்டு டிசம்பரில் நடந்த பொதுத்தேர்தலில் ஆளுங்கட்சி இரண்டு தொகுதிகளை இழந்தது. அதன் வாக்கு விழுக்காடு பன்னிரண்டு புள்ளிகளுக்கும் மேல் சரிந்தது. பட்டதாரித் தாய்மார் திட்டத்தின் மீதிருந்த கோபமும் அதில் சேர்ந்திருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். எடுக்கும் வயது 55ஆகவே விடப்பட்டது. ஆனால் 1987இல் குறைந்தபட்சத் தொகை என்று 30,000 வெள்ளியை நிறுத்திவைக்கும் முறை வந்தது. 2009இல் சிபிஎஃப் லைஃப் வந்தது. நிறுத்திவைத்த பணத்தை உயிருள்ள வரை மாதச் சம்பளம்போலத் தரும் திட்டம் அது. ஆக, நிதி மொத்தத்திலிருந்து மாதத்துக்கு மாறி ஒரு தலைமுறை ஆகப்போகிறது. தேக்கா மேசையில் கேள்வி மட்டும் 1955இலேயே நிற்கிறது.

நமக்குச் சிராங்கூன் சாலை நகைக்கடைகள் ஒரு வங்கி, சீட்டு ஒரு வங்கி, கல்யாணம் ஒரு முதலீடு! மூன்றும் மொத்தத் தொகை விவகாரங்கள். சங்கிலியை மாதம் ஒரு கண்ணியாக வெட்டி விற்று யாரும் சாப்பிடுவதில்லை.

என் வீட்டுக் கணக்கையே சொல்கிறேன். அடுத்தவர் வீட்டுக் கணக்கைப் பேசுவதைவிட அது நாகரிகம். அப்பா கப்பல் பட்டறையில் வெல்டராகச் சேர்ந்து மேற்பார்வையாளராக உயர்ந்தவர். முப்பத்தெட்டு ஆண்டு ஏணி ஏறி இறங்கியதில் முழங்கால் இரண்டும் போய்விட்டன. 2018இல் அவருக்கு 55 ஆனது. அந்த ஆண்டின் முழு ஓய்வுக்காலத் தொகை 171,000 வெள்ளி, அடிப்படைத் தொகை அதில் பாதி, 85,500. சொந்த வீடு இருந்ததால் அடிப்படைத் தொகையை மட்டும் நிறுத்திவிட்டு மீதியை எடுத்தார். எடுத்தது அக்காவின் திருமணத்துக்குப் போனது. மண்டபம், முந்நூறு பேருக்கு இரவு விருந்து, ஊரிலிருந்து வந்த உறவுகளுக்கு விமானச்சீட்டு. அழகான திருமணம்தான், அதை நான் குறை சொல்லவில்லை. இப்போது அவருக்கு 63. "விட்டுடலாமான்னு பாக்கறேம்மா" என்றார் ஒரு நாள், செய்தித்தாளை மடித்தபடி.

நானும் அவரும் மேசையில் உட்கார்ந்தோம். முதல் அரை மணி நேரம், மூன்று வயதுகளைப் பிரித்தெடுக்கவே சரியாக இருந்தது. நம்மில் பெரும்பாலோர் இவற்றை ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள். 55 என்பது ஓய்வுக்காலக் கணக்கு தொடங்கும் வயது. ஒரு பகுதிப் பணத்தை எடுக்கலாம், அவ்வளவே. ஓய்வு வயது என்பது, வயதைக் காரணம் காட்டி முதலாளி உங்களை அதற்குமுன் அனுப்ப முடியாது என்ற பாதுகாப்பு. 1993 சட்டத்தில் 60 ஆக இருந்தது, 1999இல் 62 ஆனது, 2022 ஜூலையில் 63 ஆனது. 2026 ஜூலைக்கு 64, 2030க்குள் 65 என்று திட்டமிடப்பட்டது. அதற்குப் பிறகும் தகுதியுள்ள ஊழியருக்கு மறுவேலைவாய்ப்பு தர முதலாளி முன்வர வேண்டும். அந்த வயது 2022இல் 68. பிறகு 69, 70 என்று அதுவும் ஏறிச் செல்வதாக ஏற்பாடு. மறுவேலைவாய்ப்பில் சம்பளமும் பொறுப்பும் மாறலாம் என்பதை மட்டும் மறக்கக்கூடாது. மூன்றாவது வயது 65, சிபிஎஃப் லைஃப் மாதப் பணம் வரத் தொடங்கக்கூடிய வயது. 65இல் அந்தப் பணத்தை வாங்கிக்கொண்டே வேலையும் செய்யலாம், தடை இல்லை. அப்பாவுக்கே இது தெரியாது. "வேலைய விட்டாத்தான் குடுப்பான்னு நெனச்சேன்" என்றார்.

இனி விலை. அப்பாவின் சம்பளம் 3,000 வெள்ளி. அறுபதைக் கடந்தவருக்கு 2026 ஜனவரி முதல் சேமநிதிச் சந்தா மொத்தம் 25 விழுக்காடு, ஆளுக்குப் பாதி. கையில் வருவது 2,625. நிதிக்குப் போவது 750. இப்போதே நின்றால் 65 வரையுள்ள இருபத்து நான்கு மாதத்தில் கைக்கு வராமல் போவது 63,000 வெள்ளி, நிதிக்குப் போகாமல் போவது 18,000. கூட்டினால் 81,000. இதற்கு ஆண்டு விடுப்பு, மருத்துவச் சலுகை, போனஸ் எதையும் நான் சேர்க்கவில்லை. சும்மா இருக்கும் இரண்டு ஆண்டுகளுக்கு 81,000 வெள்ளி விலை! இதைப் பார்த்ததும் அப்பா காகிதத்தைத் திருப்பி வைத்துவிட்டார்.

ஆனால் கணக்கு அங்கே முடியவில்லை. 65இல் அவருக்கு மாதம் 900 வெள்ளி வாக்கில் வரும். அதை 70 வரை தள்ளிப்போட்டால் ஆண்டுக்கு 7 விழுக்காடு வரை கூடும், மொத்தம் 35 விழுக்காடு. 900 என்பது 1,215 ஆகும். உறவினர் ஒருவர் இதைச் சொல்லி, "தள்ளிப் போடுங்க மாமா, அரசாங்கமே குடுக்குது" என்று அப்பாவை உசுப்பிவிட்டிருந்தார். போட்டுப் பார்த்தேன். ஐந்து ஆண்டு வாங்காமல் விடுவது 54,000 வெள்ளி. பிறகு மாதம் 315 வெள்ளி கூடுதல். விட்டதைப் பிடிக்க 171 மாதம், அதாவது பதினான்கு ஆண்டுக்கு மேல். வட்டியைக் கணக்கில் சேர்க்காமலே அப்பாவுக்கு 84 வயது கடந்திருக்கும். சிங்கப்பூரில் 65ஐ எட்டியவர் சராசரியாக இருபது ஆண்டுக்கு மேல் வாழ்கிறார் என்பதால் இது நட்டமான பேரம் என்று சொல்ல முடியாது. ஆனால் அவர் விட்டுக்கொடுப்பது நடக்க முடிகிற ஆண்டுகளின் பணத்தை, பெறுவது நடக்க முடியாத ஆண்டுகளின் பணத்தை. வேறு வருமானம் உள்ளவர், உடல் திடமாக உள்ளவர், பெற்றோர் தொண்ணூறு வரை வாழ்ந்தவர் தள்ளிப்போடட்டும். வெல்டரின் முழங்காலுக்கு 65இலேயே வாங்குவதுதான் சரி என்பது என் முடிவு.

'முடிந்தவரை உழைப்பது நல்லது, உழைக்கும் முதியவரே நலமான முதியவர்' என்று மேடைதோறும் சொல்கிறார்கள். மேசைமுன் அமர்ந்து பணியாற்றுபவருக்கு அது உண்மையாக இருக்கலாம். எழுபதிலும் வகுப்பெடுக்க விரும்பும் பேராசிரியரை நான் மதிக்கிறேன். ஆனால் உணவங்காடியில் தட்டுகளை அள்ளும் எழுபத்தைந்து வயதுப் பாட்டியிடம் போய் இது உங்கள் நலனுக்கே என்று சொல்ல எனக்கு வாய் வராது. விருப்பத்தால் உழைப்பதும் வேறு வழியில்லாமல் உழைப்பதும் வெளியே பார்க்க ஒன்றுபோலத்தான் இருக்கும். வித்தியாசம் அவருக்கு மாதந்தோறும் வரும் தொகையில் இருக்கிறது.

எவ்வளவு இருந்தால் போதும்? 2019இல் இங் கொக் ஹோ, தியோ யூ யென் உள்ளிட்ட ஆய்வாளர்கள், சாதாரண மக்களையே கூட்டிவைத்துப் பேசி ஒரு பட்டியல் போட்டார்கள். சோறும் கூரையும் மட்டும் அல்ல. நண்பருக்கு ஒரு காப்பி வாங்கித் தருவது, பேரப்பிள்ளைக்கு அன்பளிப்பு கொடுப்பது போன்றவையும் மனிதருக்குத் தேவை என்பது அவர்கள் கண்ட முடிவு. தனியே வாழும் 65 வயதுக்கு மேற்பட்டவருக்கு மாதம் 1,379 வெள்ளி, தம்பதிக்கு 2,351 வெள்ளி என்று வந்தது. அதற்குப் பிறகு விலைவாசி ஏறியிருக்கிறது. அந்தப் பழைய கணக்கையே வைத்துக்கொண்டாலும், 2,351இல் 900 போக மாதம் 1,451 வெள்ளி பள்ளம். அப்பா அம்மா இருவருக்கும் சேர்த்து அந்த 900தான். ஏனென்றால் அம்மா கணக்கில் எதுவும் இல்லை.

அம்மா நாற்பது ஆண்டாக உழைக்கிறார். எங்களை வளர்த்தது போக, தேக்கா நிலையத்தின் மாடிக் கடைகளுக்கு இரவிக்கை தைத்துக் கொடுத்தார். தீபாவளிக்கு முந்திய இரண்டு மாதங்கள் எங்கள் வீட்டில் தையல் இயந்திரச் சத்தத்தில்தான் தூங்குவோம். சொந்தத் தொழில் செய்பவர் மெடிசேவ் கணக்குக்கு மட்டுமே கட்டாயமாகக் கட்ட வேண்டும். ஓய்வுக்காலத்துக்குக் கட்டுவது அவரவர் விருப்பம். விருப்பம் என்றால் கட்டாமல் இருப்பது என்று பொருள். பூக்கடைக்காரர், டாக்சி ஓட்டுநர், நாதஸ்வரக்காரர், வீட்டிலேயே துணைப்பாடம் எடுக்கும் நம் அக்காமார் என்று லிட்டில் இந்தியாவின் பாதிப்பேர் இந்தக் கணக்கில் வருவார்கள். (விடுமுறையில் உணவு விநியோகம் செய்யும் தம்பிகள் கவனிக்க: 1995 ஜனவரி முதல் பிறந்த தளமேடை ஊழியர்களுக்கு 2025 முதல் இந்த விருப்பம் இல்லை, சந்தா கட்டாயம். கையில் குறைகிறதே என்று திட்டாதீர்கள்.)

இன்னொன்றும் உண்டு. சிபிஎஃப் லைஃப் தனிமனிதர் பெயரில் உள்ள திட்டம். அப்பா காலமானால் அவருடைய மாதப் பணம் அம்மாவுக்குத் தொடராது. கட்டிய தொகையில் எடுக்காத மிச்சம் ஏதேனும் இருந்தால் நியமனதாரர்களுக்கு வரும், அதுவும் மொத்தமாக! பெண்கள் ஆண்களைவிட நீண்டகாலம் வாழ்கிறார்கள் என்பதை இதனோடு சேர்த்துப் பாருங்கள். 'அப்பாவிடம் இருக்கிறதே' என்று அம்மாவின் கணக்கை வெறுமையாக விடும் வீடு, அவருடைய கடைசிப் பத்தாண்டைக் கணக்கிலேயே எடுக்கவில்லை.

இப்போது நம் பக்கத்துக்கு வருகிறேன். இதைப் படிக்கும் உங்களில் சிலருடைய கல்விக்கட்டணம் மசேநிதிக் கல்வித் திட்டத்தின்வழிப் போகிறது. 1989இல் தொடங்கிய திட்டம். அப்பாவின் சாதாரணக் கணக்கிலிருந்து பணம் பல்கலைக்கழகத்துக்குப் போகும். பட்டம் பெற்று ஓராண்டு கழித்து நீங்கள் வட்டியோடு ரொக்கமாக அவருடைய கணக்குக்குத் திருப்ப வேண்டும், அதிகம் 12 ஆண்டுகளுக்குள். என் கட்டணமும் அப்படித்தான் போனது. 2019இல் பட்டம் பெற்ற நான் இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறேன். வங்கிக் கடன் என்றால் பயந்து கட்டுவோம், அப்பா கடன் என்றால் தவணையை நீட்டுவோம். அவர் வேலையை விடலாமா என்று கணக்குப் போடும் அந்த வயதில், வரவேண்டிய அந்தத் தொகையும் அவருடைய மாதப் பணத்தின் ஒரு பகுதி. முதல் போனஸ் வந்ததும் காருக்கு முன்பணம் கட்டும் நண்பர்கள் இதையும் ஒருமுறை பார்க்கலாம்.

அடுத்து, ஈடாகச் சேர்க்கும் திட்டம். 55க்கு மேற்பட்ட, ஓய்வுக்காலச் சேமிப்பு குறைந்த சிங்கப்பூரர் கணக்கில், வருமானமும் வீடும் குறிப்பிட்ட வரம்புக்குள் இருந்தால், குடும்பத்தார் போடும் ரொக்கத்துக்கு வெள்ளிக்கு வெள்ளி அரசாங்கமும் போடுகிறது. 2021இல் தொடங்கியபோது ஆண்டுக்கு 600 வெள்ளி வரைதான். 2025 முதல் ஆண்டுக்கு 2,000, வாழ்நாளில் 20,000 வரை. இந்தத் தொகைக்கு வரிச்சலுகை கிடையாது, அதனால் சிலர் முகம் சுளிக்கிறார்கள். இரட்டிப்பாகும் பணத்துக்கு வரிச்சலுகையும் கேட்பது கொஞ்சம் பேராசை. அம்மாவைப் போன்றவர்களுக்கென்றே செய்தது போன்ற திட்டம் இது. கையில் அவருக்குத் தரும் மாதப் பணத்தை அவர் செலவழிக்கப் போவதில்லை. நகையாக மாற்றி உங்கள் கல்யாணத்துக்குத்தான் வைப்பார்.

கல்யாணம் என்றதும் என் நிலையைச் சொல்லிவிடுகிறேன். அடுத்தது என் முறை. அப்பா 81,000 வெள்ளியைக் கண்டு மலைத்ததற்கு அவருடைய முதுமை மட்டும் காரணம் அல்ல. எனக்கென்று அவர் மனத்தில் இன்னொரு மண்டபம் கட்டி வைத்திருந்தார். கோயிலில் தாலி, அறுபது பேருக்கு மதியச் சாப்பாடு, செலவு எங்கள் இருவருடையது என்று நானும் அவரும் (அவர் என்றால் நான் மணக்கப்போகிறவர்) பேசி முடித்துவிட்டோம். "ஊர் என்ன சொல்லும்?" என்றார் அம்மா. ஊர் அப்பாவின் முழங்காலைப் பார்க்கட்டும் என்றேன். இரண்டு வாரம் என்னோடு பேசவில்லை. முந்நூறு பேரின் ஒருவேளை விருந்துக்காக ஒருவர் இரண்டு ஆண்டு ஏணி ஏறுவதை என்னால் ஏற்க முடியாது.

பெற்றோர் பராமரிப்புச் சட்டம் என்று ஒன்று நம் நாட்டில் இருக்கிறது. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் சட்டம் கற்பித்த வால்டர் வூன், நியமன நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தபோது கொண்டுவந்த மசோதா, 1995இல் நிறைவேறியது. தம்மைத் தாமே காத்துக்கொள்ள முடியாத 60 வயதுக்கு மேற்பட்ட பெற்றோர், பிள்ளைகளிடம் பணம் கோரலாம். நம் தமிழ்க் குடும்பங்களில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். எந்த அப்பா வழக்குப் போடுவார்? போடமாட்டார். அதற்குப் பதிலாக வேலைக்குப் போய்க்கொண்டே இருப்பார், நாமும் "அப்பாவுக்குச் சும்மா இருந்தா பிடிக்காது" என்று சொல்லிக்கொள்வோம்.

வீட்டை விற்றுச் சிறிய வீட்டுக்குப் போகலாமா, ஓர் அறையை வாடகைக்கு விடலாமா, குத்தகையின் ஒரு பகுதியை வீவகவிடமே விற்கலாமா என்பனவும் இருக்கின்றன. வாழ்நாள் சேமிப்பில் பெரும்பகுதி சுவரில் இருக்கும் நாட்டில் இது பெரிய விஷயம், தனிக் கட்டுரைக்கு உரியது. எங்கள் வீட்டில் அந்தப் பேச்சை எடுத்தபோது அம்மா பூசை அறையைப் பார்த்தார். அதோடு நிறுத்திக்கொண்டோம்.

கடைசியில் நாங்கள் எட்டியது இதுதான். அப்பா முழுவதுமாக விடவில்லை. பட்டறையில் புதியவர்களுக்கு வேலை கற்றுத்தரும் பொறுப்பு, வாரத்துக்கு மூன்று நாள், பாதிச் சம்பளம், ஏணி இல்லை. 65 வரை அப்படி. 65இல் சிபிஎஃப் லைஃப் பணத்தைத் தொடங்கிவிடுவார், தள்ளிப்போட மாட்டார். நான் கல்விக்கடனின் தவணையைக் கூட்டியிருக்கிறேன். அக்காவும் நானும் ஆளுக்கு ஆயிரமாக ஆண்டுக்கு 2,000 வெள்ளி அம்மா கணக்கில் போடுகிறோம். இப்படியும் பள்ளம் முழுதாக நிரம்பவில்லை, மாதம் எழுநூறு எண்ணூறு வெள்ளி நாங்கள் இருவரும் தரத்தான் வேண்டும். ஆனால் எவ்வளவு என்று இப்போது நால்வருக்கும் தெரியும்.

அம்மாவின் கணக்கில் முதல் ஈட்டுத்தொகை விழுந்த அறிக்கையைக் கைத்தொலைபேசியில் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இருமுறை படித்தார். "இதை எப்ப எடுக்கலாம்?" என்று கேட்டார். மொத்தமாக எடுக்க முடியாது, 65இலிருந்து மாதம் மாதம் வரும் என்றேன். "மாசாமாசமா? என் பேருக்கா?" என்றார்.